இருளிற் காணுங் கருவிகள்: எமது கரையோரத்துக்கு ஏற்றவை எவை?

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்திலே வாழும் பாலூட்டிகளுட் பல இரவில் நடமாடுபவை. தேவாங்கு, மீன்பிடிப் பூனை, முள்ளம்பன்றி, அழுங்கு, மரநாய் ஆகியன பகல் முழுவதும் மறைந்து கிடந்து, நாம் உறங்கச் செல்லும் வேளையில் இரைதேடப் புறப்படுகின்றன. யானையும் கரடியும் சிறுத்தையும் பகலிலும் காணப்படுமாயினும், மனிதர் புழங்கும் இடங்களை அவை அணுகுவது பெரும்பாலும் இருளிலேயே. ஆதலால், எமது ஊர்களின் அயலிலே இத்துணை உயிர்கள் வாழ்ந்தும், அவற்றை அடிச்சுவட்டாலும் எச்சத்தாலும் மட்டுமே நம்மிற் பலர் அறிந்து வந்துள்ளோம்.

இந்நிலை மாறத் தொடங்கியுள்ளது. இருளிற் காணுங் கருவிகள் முன்னர்ப் படைகளுக்கே உரியனவாய் இருந்தன. 1945 ஆம் ஆண்டில் ஒக்கினாவாத் தீவுப் போரிலே, கண்ணுக்குத் தெரியாத கதிரை வீசும் விளக்குப் பூட்டிய துப்பாக்கிகளை அமெரிக்கப் படையினர் பயன்படுத்தினர். 1960களில் வியட்னாமிலே நட்சத்திர ஒளியைப் பெருக்கிக் காட்டும் கருவிகள் வந்தன. உடல் வெப்பத்தைப் படமாக்குங் கருவிகளுள், குளிரூட்டல் வேண்டாத எளிய வகை 1990களிலேதான் வணிகத்துக்கு வந்தது. இன்றோ இவை கையடக்கமான தொலைநோக்கிகளாகப் பிறநாட்டுக் கடைகளில் விற்கப்படுகின்றன. இலண்டனிலும் தொறொன்ரோவிலும் வாழும் பழைய மாணவர் சிலர், விடுமுறைக்கு ஊர் வரும்போது ஒன்றை வாங்கி வரலாமா, எதை வாங்குவது என்று எம்மை வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடையாகவே இக்கட்டுரையை வரைகின்றோம்.

விளம்பரங்கள் யாவும் கருவி எத்துணைத் தூரங் காணும் என்பதையே பேசுகின்றன. நாம் கேட்க வேண்டியது அதுவன்று. எத்தூரத்தில் நின்று அஃது இன்ன விலங்கென்று அறியலாம்? எவ்வுயிரைக் கருவி காட்டாது விட்டுவிடும்? இவ்விரண்டுமே கேட்கத்தக்க வினாக்கள். முதலாவதில் எமது பணம் தங்கியுள்ளது. இரண்டாவதில் உயிரே தங்கியுள்ளது.

இருவகைக் கருவிகள்

கண்ணுக்குப் புலனாகும் செந்நிறத்துக்கு அப்பாலும் கதிர் உண்டென்பதை 1800 ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர் கண்டறிந்தார். ஞாயிற்றின் ஒளியை அரியத்தாற் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து நோக்கிய அவர், சிவப்பைக் கடந்து நிறமே இல்லாத இடத்தில் வெப்பம் மிகுவதைக் கண்டார். அக்கதிரை எமது பாடநூல்கள் செந்நிறக்கீழ்க் கதிர் என்றும், தமிழகத்து நூல்கள் அகச்சிவப்புக் கதிர் என்றும் வழங்குகின்றன. அதிலே செந்நிறத்தை அடுத்துள்ள பகுதியைப் பயன்படுத்துவன இரவுநோக்கிகள். வெகு தொலைவிலுள்ள பகுதியைப் பயன்படுத்துவன வெப்பநோக்கிகள்.

இரவுநோக்கியும் இருவகைப்படும். ஒளிபெருக்கிக் குழாய் உடையது முதலாவது. நட்சத்திர ஒளியோ நிலவொளியோ குழாயின் முன்முகத்திற் பட்டதும் அங்கிருந்து இலத்திரன்கள் வெளிப்படும்; அவை பன்மடங்காகப் பெருக்கப்பட்டுப் பின்முகத்துத் திரையிலே பெரும்பாலும் பச்சைநிறப் படமாகத் தோன்றும். இது விலைமிக்கது, கடும் ஒளியைத் தாங்காதது, பல நாடுகளில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இரண்டாவது வகை இலக்கமுறை இரவுநோக்கி. இதன் உறுப்பு ஒளிப்படக் கருவியில் உள்ளதைப் போன்றதே. இருள் மிகும்போது, தன்னிடமுள்ள செந்நிறக்கீழ் விளக்கை வீசி, திரும்பி வரும் கதிராற் படம் அமைக்கும். அவ்விளக்குகளில் 850 நனோமீற்றர்க் கதிரை வீசுவது நெடுந்தூரம் எட்டும். ஆனால் விளக்கின் முகத்திலே மங்கிய செந்நிறம் தெரியும். 940 நனோமீற்றர்க் கதிரை வீசுவது கண்ணுக்குச் சிறிதுந் தெரியாது. எட்டுந் தூரமோ குறைவு. அருகிலிருந்து கூச்சமுள்ள விலங்கை நோக்குவோருக்குப் பின்னையதே தக்கது.

வெப்பநோக்கி ஒளியையே வேண்டாதது. வெப்பமுள்ள பொருள் ஒவ்வொன்றும் கதிரை வீசுகின்றது. 37 பாகை செல்சியசு வெப்பநிலையுள்ள உடலின் கதிர்வீச்சு ஏறக்குறைய 9.3 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் உச்சம் பெறும். கருவியோ 8 முதல் 14 மைக்ரோமீற்றர் வரையுள்ள கதிரை வாங்கி, வெப்பநிலை வேறுபாட்டை ஒளி வேறுபாடாக மாற்றிக் காட்டும். குழிவிரியன் இனத்துப் பாம்புகள் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே உள்ள குழியால் எலியின் வெப்பத்தை உணர்வதும் இத்தகைய ஆற்றலாலேயே. சாதாரணக் கண்ணாடி இக்கதிரைக் கடத்தாது. ஆதலால் வெப்பநோக்கியின் வில்லை ஜேர்மானியம் என்னும் மூலகத்தால் ஆக்கப்படுகின்றது. வாகனத்தின் கண்ணாடியை மூடிக்கொண்டு வெளியே நோக்குவோர், காட்டின் வெப்பத்தை அன்று, கண்ணாடியின் வெப்பத்தையே காண்பர்.

எண்களின் பொருள்

கருவியின் பெட்டியில் எழுதப்பட்ட எண்களுள் மூன்றே எமக்கு முதன்மையானவை. அவை படப்புள்ளிகளின் தொகையும், ஒரு புள்ளியின் பருமனும், வில்லையின் குவியத் தூரமுமாம். இன்று பெரிதும் விற்கப்படும் நடுத்தரக் கருவியொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் படப்புள்ளிகள் 384 பெருக்கல் 288. ஒரு புள்ளியின் பருமன் 12 மைக்ரோமீற்றர். குவியத் தூரம் 25 மில்லிமீற்றர். பன்னிரண்டை இருபத்தைந்தால் வகுத்தால் 0.48 வரும். அஃதாவது, 100 மீற்றர்த் தூரத்திலே ஒரு படப்புள்ளி 4.8 சதமமீற்றர் அகலமான இடத்தை அடக்கும்.

இனி, எத்தனை புள்ளிகள் இருந்தால் ஒன்றை அறியலாம் என்னும் வினா எழும். அமெரிக்கப் படை ஆய்வாளரான ஜோன் ஜோன்சன் 1958 ஆம் ஆண்டில் இதற்கோர் அளவுகோலை வகுத்தார். அவர் கணக்கை இன்றைய படப்புள்ளிகளில் எடுத்துரைப்பின், ஏதோ ஒன்று உளதென்று காண இரண்டு புள்ளிகள் போதும்; அஃது எவ்வகையது என்று அறிய எட்டு வேண்டும்; இன்னதே என்று துணியப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வேண்டும்.

விளம்பரக்காரர் 1.8 மீற்றர் உயரமான மனிதனை நிறுத்தி, இரண்டு புள்ளிக் கணக்கைப் போடுகின்றனர். நாம் கூறிய கருவிக்கு அது 1,875 மீற்றராகும். கேட்போர் வியப்பர். மீன்பிடிப் பூனையின் தோளுயரமோ ஏறக்குறைய 40 சதமமீற்றர். அதே கருவியில் அது 400 மீற்றருக்குச் சற்று அப்பால் ஒரு வெப்பப் பொட்டாகவே தோன்றும். பூனையினம் என்று அறிவதற்கு 100 மீற்றர் அளவுக்கேனும் நெருங்க வேண்டும். ஆகவே விளம்பரத்திற் கண்ட தூரத்தை இருபதால் வகுத்தால், சிறு விலங்குகளை அறியுந் தூரம் ஏறக்குறையக் கிடைக்குமெனக் கொள்ளலாம்.

வில்லையின் குவியத் தூரத்தை 50 மில்லிமீற்றராகக் கூட்டினால் அறியுந் தூரம் இருமடங்காகும். ஆனால் பார்வையின் அகலம் பாதியாகக் குறையும். 100 மீற்றர்த் தூரத்தில் முன்னைய கருவி 18 மீற்றர் அகலத்தைக் காட்டும். பின்னையது 9 மீற்றரையே காட்டும். எமது பற்றைக்காட்டிலும் கண்டற்காட்டிலும் 100 மீற்றருக்கு மேற்பட்ட வெளி கிடைப்பது அரிது. அங்கே குறுகிய பார்வை, மூங்கிற் குழாயினூடாகத் திருவிழாவைப் பார்ப்பதற்கு ஒப்பாகும். 19 முதல் 25 மில்லிமீற்றர் வரையான வில்லையே எமக்குப் பொருந்தும். உப்பளத்தின் வரம்பிலும் பெருங்குளத்தின் அணைக்கட்டிலும் நிற்போர்க்கே 35 மில்லிமீற்றரும் அதற்கு மேற்பட்டனவும் பயன்படும். கருவிக்குள் அமைந்த இலக்கமுறை உருப்பெருக்கத்தை நம்பி ஏமாறுதல் கூடாது. அஃது இருப்பதைப் பெரிதாக்குமேயன்றி இல்லாத விவரத்தை உண்டாக்காது.

வெப்பநாட்டில் வெப்பநோக்கி

இக்கருவிகளைப் புகழ்ந்து எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாடுகளிலிருந்து வருவன. அங்கே மாரிகால இரவில் நிலம் உறைநிலையை அண்டியிருக்க, ஒரு முயல் தீப்பொறிபோல் தோன்றும். எமது கரையோரத்து இரவோ வெதுவெதுப்பானது. பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த மணலும் தார்வீதியும் அணைக்கட்டுக் கற்களும் நெடுநேரம் வெப்பத்தை விடுவதில்லை. விலங்கின் உடல் வெப்பநிலை 37 பாகையை அண்டியிருப்பினும், உரோமத்தின் மேற்பரப்பு சுற்றுப்புறத்திலும் சில பாகையே மிகுந்திருக்கும். ஆதலாற் குளிர்நாட்டாருக்குப் போதுமான கருவி எமக்குப் போதாதிருத்தல் கூடும்.

இதனைத் தீர்மானிப்பது நான்காவதோர் எண். கருவி பிரித்தறியக்கூடிய மிகச்சிறு வெப்பநிலை வேறுபாட்டை அது குறிக்கும். அது மில்லிகெல்வின் என்னும் அலகிற் கூறப்படும். 25 மில்லிகெல்வின் என்பது ஒரு பாகையின் நாற்பதில் ஒரு கூறு. இவ்வெண் சிறிதாக இருத்தலே நன்று. பணம் மட்டுப்பட்டதாயின், 50 மில்லிகெல்வின் உணர்வும் மிகுந்த படப்புள்ளிகளும் உள்ள கருவியிலும், 25 அல்லது அதற்குக் குறைந்த உணர்வும் நடுத்தரப் படப்புள்ளிகளும் உள்ள கருவியே எமது கரைக்குத் தக்கது என்பது எமது துணிபு.

காலத்தைத் தேர்தலும் கருவியைத் தேர்தலோடு ஒத்த முதன்மையுடையது. பொழுது சாய்ந்த முதலிரண்டு மணி நேரத்திலே ஒவ்வொரு கல்லும் ஒரு விலங்காய்த் தோன்றி மயக்கும். விடியலுக்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் நிலம் இயன்றவரை குளிர்ந்திருக்கும். அப்பொழுதுதான் படம் தெளியும். மழை பெய்து ஓய்ந்த இரவில் இலையும் நிலமும் நீரால் மூடப்பட்டு ஒரே வெப்பநிலையை அடைவதால் படம் சாம்பல்நிறமாய் மங்கிவிடும். களப்பின் மேல் மூடுபனி இறங்கும் வேளையில், வெப்பநோக்கியின் பார்வையும் குறுகும். இரவுநோக்கியின் விளக்கொளியும் பனித்துளிகளிற் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யும்.

கருவி காட்டாதவை

நாம் மிகவும் வற்புறுத்திக் கூற விழைவது இதுவே. வெப்பநோக்கி வெப்பக் குருதியுள்ள உயிர்களைக் காட்டுமேயன்றி, சுற்றுப்புறத்தின் வெப்பநிலையையே தம் வெப்பநிலையாகக் கொள்ளும் ஊர்வனவற்றை நம்பத்தக்கவாறு காட்டாது. எமது குளங்களில் முதலைகள் உண்டு. ஆற்றுமுகங்களிலும் கண்டற்காடுகளிலும் உவர்நீர் முதலையும் உண்டு. நீரில் கிடக்கும் முதலையின் மேற்பரப்பு நீரோடொத்த வெப்பநிலையில் இருக்க, திரையில் நீர் மட்டுமே தெரியும். எமது மணற்கரையிலே சுருட்டை விரியனும், வயலோரங்களிலே முத்திரைப் புடையன் எனப்படும் கண்ணாடி விரியனும் வாழ்கின்றன. முந்நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் யானையைக் காட்டும் கருவி, காலடியிற் கிடக்கும் விரியனைக் காட்டாது விட்டுவிடும்.

வெப்பநோக்கியை ஏந்தியவன் தான் எல்லாவற்றையும் கண்டுவிட்டதாக எண்ணித் துணிந்து நடக்கின்றான். இடர் வருவது அத்துணிவினாலேயே. மேலும், மனிதக் கண் இருளுக்கு முற்றும் பழக இருபது முப்பது நிமிடம் செல்லும். கருவியின் ஒளிமிகு திரையைச் சில நொடி நோக்கினாலும் அப்பழக்கம் கெட்டுவிடும். ஆதலால் ஒரு கண்ணால் மட்டும் நோக்கும் கருவியே நன்று. திரையின் ஒளியைக் குறைத்து வைத்தல் வேண்டும். நடக்கும்போது கருவியைத் தாழ்த்திவிட்டுச் சாதாரண ரோச் விளக்கால் வழியைப் பார்த்து நடத்தல் வேண்டும். நீர்விளிம்பில் நிற்கலாகாது. முதலையின் கண் ரோச் ஒளியிலே தணல்போல் மின்னும். வெப்பநோக்கி காட்டாத அதனை மலிந்த விளக்கே காட்டித் தரும்.

அடர்ந்த இலைகளுக்குப் பின்னால் நிற்பதையும் வெப்பநோக்கி காட்டாது. இலைகளின் இடைவெளியால் வரும் கீற்றுகளையே காட்டும். நீரும் இக்கதிரை மறைக்கும். ஆதலாற் கற்பிட்டிக் கடலிலே நீருக்கடியில் நீந்தும் ஓங்கிலையும் கடற்பசுவையும் காண இக்கருவிகள் உதவா.

எவ்விடத்துக்கு எது

தேவாங்கைக் காண விரும்புவோர் விலைமிக்க கருவியொன்றும் வாங்க வேண்டுவதில்லை. வேலியோரப் பற்றைகளில் மெல்ல நகரும் அதன் கண்களின் பின்புறத்தே ஒளியைத் திருப்பும் படலம் உண்டு. செந்நிறத் தாளால் மூடிய தலைவிளக்கைக் கண்ணுக்கு அருகில் வைத்து நோக்கின், இரு கண்களும் செம்மணிகளாய்ச் சுடரும். வெள்ளொளி அதன் பெருங்கண்களைக் கூசச் செய்யும். செவ்வொளி அத்துணைத் துன்பம் தருவதில்லை. எனினும் நெடுநேரம் ஒளியை அதன்மேல் நிறுத்தாது, கண்டதும் விலக்குதல் முறையாகும்.

சிலாபத்துக்கு வடக்கே, உடப்பை அடுத்துள்ள ஆனைவிழுந்தாவக் குளத்தொடரும் கண்டற்காடும் 2001 ஆம் ஆண்டில் றம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டன. மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் விரும்பும் இத்தகைய இடங்களில் இருவகைக் கருவியும் தேவைப்படும். வெப்பநோக்கியால் உயிரைக் கண்டுபிடித்து, இலக்கமுறை இரவுநோக்கியால் அதனை இன்னதென்று அறிதல் வேண்டும். ஏனெனில் உரோமத்தின் நிறமும் புள்ளியும் வெப்பப் படத்திற் பெரும்பாலும் மறைந்துவிடும். மீன்பிடிப் பூனையையும் காட்டுப்பூனையையும் பிரித்தறிய அப்புள்ளிகளே துணை. இரவுநோக்கியில் அவை கறுப்பு வெள்ளையாகத் தெளிவுற விளங்கும்.

புத்தளம் உப்பளங்களிலும் களப்போரங்களிலும் இரவில் ஒடுங்கியிருக்கும் வலசைப் பறவைகளை எழுப்பாது எண்ணுவதற்கு வெப்பநோக்கி ஒன்றே தக்கது. விளக்கால் எழுப்பப்பட்ட பறவை, நெடும்பயணத்துக்கெனச் சேமித்த வலுவை வீணே இழக்கும்.

எழுவன்குளம், வண்ணாத்திவில்லு, கருவலகஸ்வெவ ஆகிய பகுதிகளிற் பயிர் செய்வோருக்கு இக்கருவி வேடிக்கைப் பொருளன்று. இலங்கையில் 2019 முதல் 2023 வரை ஒவ்வோராண்டும் 100க்கு மேற்பட்ட மனிதரும் 300க்கு மேற்பட்ட யானைகளும் மாண்டனர். அம்மனிதர் யானையாற் கொல்லப்பட்டோர். இருளில் எதிர்பாராது யானையை அண்டிவிடுதல் அத்தகைய மரணங்களுக்கு ஒரு காரணம். காவற் பரணில் இருப்போர் அகன்ற பார்வையுள்ள வெப்பநோக்கியால் வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கீழிறங்குவராயின், இரு தரப்பு உயிரும் காக்கப்படும். யானை பேருருவம் உடையதாதலால் இதற்கு மலிந்த கருவியும் போதும்.

இவ்வழி பெரிய அளவிலும் கைக்கொள்ளப்பட்டுள்ளது. தமிழ்நாட்டு வனத்துறையினர் கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையிலே புகையிரதப் பாதையோரமாக 12 கோபுரங்களை நிறுவி, வெப்பப்படக் கருவிகளைப் பூட்டி, யானை பாதையை அணுகும்போது கணினி வாயிலாக முன்னறிவிக்கும் அமைப்பை 2024 பெப்ரவரியில் தொடக்கினர். எமது நாட்டில் 2025 பெப்ரவரி 20 ஆம் நாள் ஹபரணைப் பகுதியிலே புகையிரதம் மோதி ஆறு யானைகள் இறந்ததை எண்ணுவோர்க்கு, இவ்வமைப்பின் பயன் விளங்கும்.

சட்டமும் கடமையும்

வில்பத்து 1938 ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக்கப்பட்டது. ஏறக்குறைய 1,317 சதுர கிலோமீற்றர்ப் பரப்புடைய அது, போரினால் 1988 இல் மூடப்பட்டு 2003 இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே பார்வையாளர் பகலில் மட்டுமே உலாவலாம். மாலையில் வெளியேறிவிட வேண்டும். எனவே இக்கருவிகள் பூங்காவுக்கு வெளியேயுள்ள குளக்கரைக்கும் தோட்டத்துக்கும் உரியன. சரணாலயங்களில் இரவில் நோக்க விழைவோர் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை முன்னரே பெறுதல் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து கருவியைக் கொண்டுவருவோர், பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டுமா என்பதைச் சுங்கத் திணைக்களத்திடம் எழுத்துமூலம் அறிந்த பின்னரே பணத்தைச் செலவிடுக. அமெரிக்க ஏற்றுமதி விதிகளால், செக்கனுக்கு 9 படங்களுக்கு உட்பட்ட கருவிகள் எளிதிற் கிடைக்கும். ஆனால் ஓடும் விலங்கு அவற்றில் துள்ளித் துள்ளித் தோன்றும். செக்கனுக்கு 25 அல்லது 50 படங்கள் தருவதே நோக்குதற்கு இனியது.

விலங்கை நமக்குக் காட்டும் கருவி வேட்டைக்காரனுக்கும் அதனைக் காட்டும். ஆதலால் அழுங்கையோ மீன்பிடிப் பூனையையோ கண்ட இடத்தை ஊரறியப் பரப்புதல் தகாது; படத்தை வெளியிடினும் இடத்தை மறைத்தலே முறை. கருவியை உவர்க்காற்றிலிருந்து காப்பதும் கடமையே. ஒவ்வோர் இரவின் முடிவிலும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் உடற்பகுதியைத் துடைக்க வேண்டும். வில்லையின் மேற்பூச்சைச் சாரத்தின் தலைப்பாலோ கைவிரலாலோ தேய்த்தல் கூடாது.

முடிவாகக் கூறின், ஒருவர் ஒரே கருவி வாங்குவதாயின், 384 பெருக்கல் 288 படப்புள்ளியும், 25 மில்லிகெல்வின் உணர்வும், 19 முதல் 25 மில்லிமீற்றர் வில்லையும், நீர்புகாத உடலும் கொண்ட வெப்பநோக்கி எமது கரையோரத்துக்குப் பொருந்தும். அதனோடு செவ்விளக்கும், சாதாரண ரோச் விளக்கும், முழங்காலளவு சப்பாத்தும் இன்றியமையாதன. அதற்கும் வசதியில்லாதோர் முழுநிலவு இரவில் 7×50 தொலைநோக்கியோடு குளக்கட்டிலிருந்து பார்த்தால் எதிர்பார்த்ததற்கு மேல் காண்பர். பலர் தனித்தனியே மலிந்தவற்றை வாங்குவதிலும், ஊருக்கொன்றாக அல்லது கல்லூரிக்கொன்றாக நல்லதை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துதல் சிறந்தது.

அவ்வாறு வாங்கப்படும் கருவியோடு ஒரு குறிப்பேடும் இருத்தல் வேண்டும். நாள், நேரம், இடம், தூரம், விலங்கின் பெயர் ஆகியன அதிற் பதியப்படுக. பெயர் தெரியாதவிடத்து, 'வெப்பப் பொட்டு. இன்னதென்று அறியப்படவில்லை' என்று எழுதுவதற்கு இளம் மாணவர் கூசலாகாது. அறியாததைச் சிறுத்தை என்று எழுதிய பத்துக் குறிப்பிலும், அறிந்ததை மட்டும் எழுதிய ஒரு குறிப்பே இக்கரையோரத்து உயிர்களைக் காக்க முனைவோருக்குப் பயன்படும்.